கெல்டிக் புராணக் கதைகள்: எதில் தொடங்குவது, எதைத் தள்ளிப்போடுவது

கெல்டிக் புராணம் படிக்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் எடுப்பது பெரும்பாலும் தெய்வங்களை அகர வரிசையில் அடுக்கிய ஒரு கலைக்களஞ்சியத்தை. லூ என்றால் சூரியக் கடவுள், மோரிகன் என்றால் போர்க் கடவுள், தக்தா என்றால் எல்லோருக்கும் தகப்பன் என்று முப்பது பெயரைக் குறித்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் எல்லாம் குழம்பிவிடும். தப்பு அவர்கள் மேல் இல்லை. அந்தப் பட்டியல்கள் கிரேக்க, ரோமக் கடவுளர் வரிசையைப் பார்த்துப் பிற்காலத்தில் அதே அச்சில் வார்த்தவை. மூலக் கதைகளில் இப்படி இலாகா பிரித்துக் கொடுக்கப்பட்ட தெய்வங்கள் கிடையாது. ஆகவே கதையில் தொடங்குங்கள். பட்டியலைக் கடைசியில் பார்க்கலாம். அதற்குள் அது தேவைப்படாமல் போய்விடும்.

முதல் வேலை: ஒரு மொழியைத் தேர்ந்தெடுப்பது

கெல்டிக் என்பது ஒரு நாட்டின் பெயரோ மதத்தின் பெயரோ அல்ல, ஒரு மொழிக் குடும்பத்தின் பெயர். ஐரிஷ், ஸ்காட்டிஷ் கேலிக், மாங்க்ஸ் ஒரு கிளை. வெல்ஷ், கார்னிஷ், பிரெத்தோன் இன்னொரு கிளை. இன்றைய பிரான்ஸ் பகுதியில் பேசப்பட்டு அழிந்துபோன காலிஷ் தனி. இவை உறவுள்ள மொழிகள் என்று எட்வர்ட் லூயிட் 1707இல் விரிவாக எழுதிக் காட்டினார். அதற்கு முன்பு, இடைக்கால அயர்லாந்தில் இந்தக் கதைகளை எழுதிய எவரும் தம்மைக் கெல்ட் என்று சொல்லிக்கொண்டதில்லை.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, எந்த ஊரில் என்ன மிஞ்சியது என்பதுதான். இன்றைய பிரான்ஸ் பகுதியான பழைய கால் (Gaul) நாட்டில் சிலைகளும் கல்வெட்டுகளும் ரோமானியர் எழுதிய குறிப்புகளும் இருக்கின்றன. கதை ஒன்றுகூட இல்லை. அந்த நாட்டுக் குருமார்களான துருயிதுகள் எண்ணற்ற செய்யுள்களை மனப்பாடம் செய்வார்கள், சிலர் 20 ஆண்டுவரை படிப்பார்கள், அதை எழுதி வைப்பது முறையல்ல என்று நினைப்பார்கள் என்று ஜூலியஸ் சீசர் எழுதியிருக்கிறார். விளைவு நமக்குத் தெரிந்ததே. பாரிஸ் நோத்ரதாம் தேவாலயத்தின் அடியில் கிடைத்த கல்தூண் ஒன்றில் கொம்பு வைத்த ஒரு தலையும், மேலே கெர்னுன்னோஸ் என்ற பெயரும் செதுக்கப்பட்டிருக்கின்றன. இணையத்தில் அவரைப் பற்றிப் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். பழைய மூலத்தில் ஒரு வரிக் கதை கிடையாது.

கதை வேண்டுமென்றால் இரண்டே இடம்: அயர்லாந்து, வேல்ஸ். அயர்லாந்தில் அளவு அதிகம். பன்னிரண்டாம் நூற்றாண்டு லென்ஸ்டர் சுவடியில் ஒரு குறிப்பு இருக்கிறது: தலைமைப் புலவன் ஒருவன் 350 கதை தெரிந்திருக்க வேண்டும், அதில் 250 முதன்மைக் கதை, 100 துணைக் கதை. வேல்ஸில் எண்ணிக்கை குறைவு, மெருகு கூடுதல். புதியவர்கள் அயர்லாந்தில் தொடங்கி, ஓரளவு கால் ஊன்றியபின் வேல்ஸுக்குப் போவது நல்லது. இரண்டையும் ஒரே நேரத்தில் எடுத்தால் அயர்லாந்தின் லூவும் வேல்ஸின் ஃலெயும் ஒருவரா, அங்கே மனனான் யார், இங்கே மனவிடன் யார் என்ற ஆராய்ச்சியில் மாட்டிக்கொள்வீர்கள். அந்தக் கேள்விகள் நல்ல கேள்விகள்தான், ஆனால் இரண்டாம் ஆண்டுக்கு உரியவை.

ஒவ்வொரு கதைக்கும் மூன்று காலம்

ஐரிஷ் கதை எதை எடுத்தாலும் மூன்று காலத்தைத் தனித்தனியே குறித்துவிடுங்கள். ஒன்று, கதை எந்தக் காலத்தில் நடந்ததாகச் சொல்கிறது. இரண்டு, அந்த உரைநடையின் மொழி எந்த நூற்றாண்டுக்கு உரியது. மூன்று, நம் கையில் இருக்கும் ஏடு எப்போது எழுதப்பட்டது. கூலி நாட்டு ஆநிரை கவர்ந்த கதையான டாயினை எடுத்துக்கொள்வோம். நடந்த காலம் ஏறத்தாழ கிறிஸ்து பிறந்த காலம் என்று பழைய ஐரிஷ் ஆசிரியர்கள் கணக்கிட்டார்கள். மொழியின் பழைய பகுதிகள் எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மிகப் பழைய ஏடான லெவர் நஹூரெ சுமார் 1100இல் எழுதப்பட்டது. அதை எழுதியவர்களில் ஒருவரான மெயில் முரெ 1106இல் கொள்ளையர் கையால் இறந்தார். லூவும் பேலரும் மோதும் மொய்துரா போர்க் கதைக்கு மொழி பழையது, ஏடோ பதினாறாம் நூற்றாண்டு. அதுவும் ஒரே ஒரு பிரதி. இந்த மூன்றையும் கலந்துவிட்டுத்தான் "2000 ஆண்டுப் பழைமையான நூல்" என்றெல்லாம் எழுதுகிறார்கள்.

எழுதியவர்கள் எல்லோரும் கிறிஸ்தவர்கள். மடாலயங்களிலும், பிறகு புலவர் குடும்பங்களிலும் எழுதினார்கள். அதனால் எல்லாமே திரித்தது என்று ஒதுக்கவும் வேண்டாம், எல்லாமே ஆதி நம்பிக்கை என்று கண்ணை மூடி ஏற்கவும் வேண்டாம். லென்ஸ்டர் சுவடியில் டாயின் முடியும் இடத்தைப் பாருங்கள். இரண்டு பின்குறிப்பு உண்டு. ஐரிஷ் மொழியில் உள்ளது, இந்த வடிவத்தை மாற்றாமல் அப்படியே மனனம் செய்கிற ஒவ்வொருவருக்கும் ஆசி சொல்கிறது. அடுத்தாற்போல் லத்தீனில் உள்ளது, இந்த வரலாற்றை, இல்லை, கட்டுக்கதையை எழுதிய நான் இதில் பலவற்றை நம்பவில்லை என்கிறது: சில பேய்களின் ஏமாற்று, சில கவிஞர் கற்பனை, சில நடந்திருக்கக்கூடியவை, சில நடக்கவே முடியாதவை, சில மூடர்கள் மகிழ எழுதியவை. ஒரே பக்கத்தில் ஆசியும் மறுப்பும். இந்த இலக்கியத்தின் குணத்தைத் தெரிந்துகொள்ள அந்தப் பக்கம் ஒன்றே போதும்.

பெயரை வாய்விட்டுச் சொல்லப் பழகுங்கள்

பாதிப்பேர் இங்கேதான் நூலை மூடி வைக்கிறார்கள். எம்-இ-டி-பி (Medb) என்று நான்கு எழுத்து. மேவ் என்று படிக்க வேண்டும் என்று யார் கண்டார்கள்? ஆனால் தமிழ் படித்தவருக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. கல்லில் வரும் ககரமும் அகத்தில் வரும் ககரமும் ஒரே எழுத்து, ஒலி வேறு என்று நாம் யோசிக்காமலே படிக்கிறோம். பழைய ஐரிஷிலும் சொல் முதலில் வல்லினமாக இருக்கும் எழுத்து நடுவிலும் கடைசியிலும் மெலியும். பிற்கால எழுத்துமுறை அந்த மெலிவைக் காட்ட எச் எழுத்தைப் பக்கத்தில் போட்டது, அவ்வளவுதான்.

ஐந்து விதி போதும். பி-எச் (bh), எம்-எச் (mh) இரண்டும் வகரம். டி-எச் (th) ஹகரம். எஃப்-எச் வந்தால் ஒலியே இல்லை. எஸ் எழுத்தின் பக்கத்தில் இ அல்லது ஐ இருந்தால் ஷகரம்; ஆகவே எஸ்-ஐ-டி-எச்-இ (sidhe) என்பது ஷீ, இங்கே வரும் dh ஒலிப்பதில்லை. சி எப்போதும் ககரம்தான், சகரம் ஆகவே ஆகாது. இதை வைத்துக்கொண்டு சில பெயர்களைச் சொல்லிப் பாருங்கள்: கூஹுலின், கொனஹூர், நீஷா, அஷீன், நீவ், க்ரான்யா, தூஅஹா டே தனன். நவம்பர் முதல் நாளின் பெயர் சாம்ஹெயின் அல்ல, சௌயின்.

இன்னொரு தொல்லை, ஒரே ஆளுக்குப் பழைய எழுத்து ஒன்று, புதிய எழுத்து ஒன்று. நீஷாவைப் பழைய நூல் ஒரு மாதிரியும் புதிய நூல் வேறு மாதிரியும் எழுதும். ஃபின், ஃபியுன் இருவரும் ஒருவரே. நோட்டுப் புத்தகத்தில் ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, கண்ணில் படும் எல்லா எழுத்து வடிவங்களையும் அங்கேயே எழுதிவையுங்கள். அதே பக்கத்தில் தாய், தந்தை, எந்த மாகாணம், யாரிடம் வளர்ந்தார், என்ன கெஷ், எப்படிச் சாவு. கெஷ் என்றால் ஒரு ஆளைக் கட்டிப்போடும் விலக்கு. இது அலங்காரம் இல்லை, கதையின் அச்சாணி. அல்ஸ்டர் வீரன் கூஹுலினுக்கு நாய் இறைச்சி தின்னக் கூடாது என்று ஒரு கெஷ், அடுப்படியில் உபசரித்தால் மறுக்கக் கூடாது என்று இன்னொரு கெஷ். கடைசிப் போருக்குப் போகும் வழியில் கிழவிகள் நாய் இறைச்சியைச் சமைத்துக்கொண்டு கூப்பிடுகிறார்கள். இரண்டு விலக்கும் நோட்டில் இருந்தால், அந்த இடத்துக்கு வரும்போதே அவன் கதை முடிந்தது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காலத்துக் கேட்பாளருக்கும் அப்படித்தான் தெரிந்தது.

எந்த வரிசையில் படிப்பது

அயர்லாந்துக் கதைகளை இன்றைய ஆய்வாளர்கள் நான்கு தொகுதியாகப் பிரிக்கிறார்கள்: தெய்வங்கள், அல்ஸ்டர் வீரர்கள், ஃபின் மக்கூலின் படை, மன்னர்கள். வசதிக்காகச் செய்த பிரிவு இது. பழைய புலவர்கள் கதையின் நிகழ்ச்சியை வைத்துப் பிரித்தார்கள்: ஆநிரை கவர்தல், கோட்டை அழிப்பு, பெண் கேட்டல், போர், கடற்பயணம், சாவு, பிறப்பு என்று. கதையின் பெயரைப் பார்த்ததும் எந்த வகை என்று தெரியும், வகை தெரிந்தால் எப்படி முடியும் என்று பாதி தெரியும்.

தெய்வத் தொகுதிதானே முதலில் என்று தோன்றும். வேண்டாம். அதிலும், அயர்லாந்தில் யார் யார் வந்து குடியேறினார்கள் என்று நோவாவின் பேத்தி கெஸிர் தொடங்கி ஒவ்வொரு கூட்டமாகச் சொல்லும் குடியேற்ற நூலை முதலில் எடுக்கவே கூடாது. பைபிள் காலவரிசைக்குள் அயர்லாந்தைப் பொருத்த எழுதியது அது. பெரும்பகுதி பெயர் வரிசை. எத்தனையோ பேரின் ஆர்வம் அங்கே செத்திருக்கிறது.

முதல் கதையாக மக் தஹோவின் பன்றியை எடுங்கள். பத்துப் பதினைந்து பக்கம், அரை மணி நேரம். லென்ஸ்டர் மன்னன் மக் தஹோவிடம் ஒரு நாய் இருக்கிறது. கொனாட்டு அரசி மேவும் கணவன் அலிலும் அதைக் கேட்டு ஆள் அனுப்புகிறார்கள். அதே நேரத்தில் அல்ஸ்டர் மன்னன் கொனஹூரின் ஆட்களும் வந்து நிற்கிறார்கள். யாருக்குக் கொடுத்தாலும் மற்றவன் அழிப்பான். மனைவி யோசனை சொல்கிறாள்: இருவருக்கும் கொடுப்பதாகச் சொல், அவர்களே அடித்துக்கொள்ளட்டும். விருந்துக்கு ஒரு பன்றி. ஏழு ஆண்டு 60 கறவை மாட்டின் பால் குடித்து வளர்ந்தது. அதன் மேல் 40 எருது கிடத்தியிருக்கிறது. பன்றியை யார் அறுத்துப் பங்கிடுவது? கொனாட்டு வீரன் கெத் கத்தியோடு உட்கார்ந்து, எழுந்து வரும் அல்ஸ்டர்காரன் ஒவ்வொருவனையும் பழைய தோல்வியைச் சொல்லி உட்கார வைக்கிறான். கடைசியில் கோனல் கெர்னக் உள்ளே வருகிறான். கெத் விட்டுக்கொடுத்துவிட்டு, "அன்லுவன் இங்கே இருந்திருந்தால் உனக்குச் சரியான பதில் கிடைத்திருக்கும்" என்கிறான். "இருக்கிறானே" என்று சொல்லிக் கோனல் தன் இடைவாரிலிருந்து அன்லுவனின் தலையை எடுத்துக் கெத்தின் நெஞ்சில் எறிகிறான். பிறகு அறுக்க உட்கார்ந்து, கொனாட்டுக்காரர்களுக்கு முன்னங்கால் இரண்டை மட்டும் தள்ளுகிறான். அடிதடி.

இந்த ஒரு கதையில் இந்த உலகத்தின் நடைமுறை எல்லாம் இருக்கிறது. விருந்தில் வீரனுக்கு உரிய பங்கு, வாய்ச்சவடால், தலையெடுத்தல், மாகாணப் பகை. நகைச்சுவையும் இருக்கிறது, எழுதியவன் வீரர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறான். கெல்டிக் கதை என்றாலே மூடுபனியும் சோக இசையும் என்று நினைத்து வருகிறவர்களுக்கு நல்ல மருந்து.

அடுத்து, மாஹாவின் சாபம். மூன்று பக்கம்தான். நிறைமாதக் கர்ப்பிணியை மன்னனின் குதிரைகளோடு ஓட விடுகிறார்கள். அவள் ஜெயித்து, இலக்கிலேயே இரட்டைப் பிள்ளை பெற்று, அல்ஸ்டர் ஆண்களுக்குச் சாபம் இடுகிறாள்: நெருக்கடி நேரத்தில் ஐந்து பகலும் நான்கு இரவும் பிரசவ வலியில் கிடப்பார்கள், ஒன்பது தலைமுறைக்கு. இதைப் படிக்காமல் டாயினுக்குப் போனால், கூஹுலின் என்ற பதினேழு வயதுப் பையன் ஏன் தனியாகப் படையை மறிக்கிறான், மற்றவர்கள் எங்கே என்பது புரியாது.

மூன்றாவது, டெர்ட்ரா. உஷ்னாவின் பிள்ளைகள் நாடுகடந்த கதை. டாயினில் அல்ஸ்டர் வீரன் ஃபெர்குஸ் ஏன் தன் சொந்த நாட்டுக்கு எதிரான படையில் நிற்கிறான் என்பதற்கு விடை இதில்தான். வடிவங்களை எப்படி ஒப்பிடுவது என்று பழகவும் இதுவே தோது. பழைய வடிவம், எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு, மிகக் கறார். காதலன் நீஷா கொல்லப்பட்டபின் டெர்ட்ரா ஓராண்டு கொனஹூரிடம் இருக்கிறாள். உனக்கு மிகவும் வெறுப்பானது எது என்று கேட்கிறான். நீயும், நீஷாவைக் கொன்ற ஓவனும் என்கிறாள். அப்படியானால் ஓராண்டு ஓவனிடம் இரு என்று தேரில் ஏற்றுகிறான். இருவருக்கும் நடுவே அவள் நிற்க, இரண்டு கிடாய்க்கு நடுவில் பெண்ணாடு பார்க்கிற பார்வை பார்க்கிறாயே என்று கொனஹூர் கேலி செய்கிறான். வழியில் ஒரு பாறை. அவள் தலையை அதில் மோதிச் சாகிறாள். பிற்கால வடிவங்களில் அவள் காதலனின் குழியருகே துக்கத்தால் சாகிறாள். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்துவிட்டு, என்ன மாறியது என்று ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள்.

இனி டாயின்

இப்போது பெரிய கதைக்குத் தயார். கூலியில் இருக்கும் ஒரு காளையைக் கவர மேவின் படை அல்ஸ்டருக்குள் வருகிறது, கூஹுலின் தனியாக மறிக்கிறான். மொழிபெயர்ப்பில் சுமார் 200 பக்கம். ஒரே மூச்சில் வேண்டாம், ஆறு அமர்வாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: புறப்பாடு, கூஹுலினின் சிறுவயதுச் செயல்கள், ஆற்றுத்துறைகளில் ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைகள், பழைய நண்பன் ஃபெர்தியாவோடு மோதல், அல்ஸ்டர்காரர் எழுவது, காளைகள்.

எந்த வடிவம் என்று முதலில் பாருங்கள். முதல் வடிவம் பழையது, கரடுமுரடானது, ஒரே சம்பவம் இரண்டு முறை வரும், முன்னுக்குப் பின் முரணும். இரண்டாம் வடிவம், லென்ஸ்டர் சுவடியில் உள்ளது, சீராக ஓடும், அடைமொழி கொஞ்சம் அதிகம். மேவும் அலிலும் படுக்கையில் யார் சொத்து அதிகம் என்று வாதிடும் புகழ்பெற்ற தொடக்கம் இரண்டாம் வடிவத்தில் மட்டும்தான் இருக்கிறது. ஃபெர்தியாவோடு நாள்கணக்கில் நடக்கும் சண்டையும், இரவில் ஒருவருக்கொருவர் மருந்தும் உணவும் ஆற்றைக் கடந்து அனுப்பிக்கொள்ளும் பகுதியும் அங்கேதான் அவ்வளவு விரிவு. தாமஸ் கின்செலா 1969இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு முதல் வடிவத்தைத் தழுவி, இரண்டாவதிலிருந்து தேவையானதை எடுத்துக்கொள்கிறது. டெர்ட்ரா, மாஹா உள்ளிட்ட முன்கதைகளையும் சேர்த்துத் தருகிறது. புதியவருக்கு அதுவே வசதி. இரு வடிவங்களையும் தனித்தனியே பார்க்க வேண்டுமென்றால் செசில் ஓ'ராஹிலியின் பதிப்புகள் இருக்கின்றன.

மாடு பிடிப்பதற்கா இவ்வளவு பெரிய காவியம் என்று ஐரோப்பிய வாசகர்களுக்கு ஒரு திகைப்பு உண்டு. வெட்சியும் கரந்தையும் படித்த நமக்கு அந்தத் திகைப்பு வரக் காரணமில்லை. இந்த ஒப்புமையைக் கைலாசபதி முறையாகவே எடுத்துச் சென்றார். சங்கப் பாடல்களைக் கிரேக்க, ஐரிஷ், வெல்ஷ் வீரயுகப் பாடல்களோடு வைத்துப் பார்த்த அவருடைய ஆங்கில நூல் 1968இல் வந்தது. பர்மிங்ஹாமில் அவருக்கு வழிகாட்டிய ஜார்ஜ் தாம்சன் கிரேக்க அறிஞர் மட்டுமல்ல, ஐரிஷ் மொழியில் ஊறியவரும்கூட. ஆனால் ஒப்புமையை முதல் வாசிப்பிலேயே பிடித்துத் தொங்க வேண்டாம். மாடுதான் செல்வம் என்ற அளவில் நிறுத்திக்கொண்டு கதைக்குள் போங்கள்.

மாட்டிக்கொள்ளும் இடங்கள் மூன்று. முதலாவது, ஊர்ப்பெயர் விளக்கங்கள். இன்னான் இங்கே செத்தான், அதனால் இந்தத் துறைக்கு இந்தப் பெயர் என்று வரிசையாக வரும். சலிப்பாக இருந்தால் தாண்டுங்கள், ஆனால் பக்கத்தில் அயர்லாந்து வரைபடம் ஒன்றை விரித்து வையுங்கள். ரோஸ்காமன் மாவட்டத்து ராத்குரோகனில் புறப்பட்டு, லவுத் மாவட்டத்துக் கூலி தீபகற்பத்துக்குப் படை கிழக்கே போகிறது. ஃபெர்தியா இறந்த துறை இன்றைய ஆர்டி. இரண்டாவது, ரோஸ்க் என்ற பழஞ்செய்யுள் பகுதிகள். இவை நிபுணர்களுக்கே தெளிவில்லாதவை. மொழிபெயர்ப்பு அரைகுறையாகத் தெரிந்தால் உங்கள் குறை அல்ல. மூன்றாவது, கூஹுலின் வெறிகொண்டு உடல் திருகும் வருணனை. ஒரு கண் உள்ளே இழுத்துக்கொள்ளும், மறு கண் கன்னத்தில் பிதுங்கும். சினிமாக் காட்சிபோலப் படிக்காமல் உரக்கப் படியுங்கள். சொல்லுக்காகவே கட்டிய பகுதி அது.

மோரிகனை இங்கே சந்திப்பது நல்லது. "மூன்று முகத் தேவி, கன்னி, தாய், கிழவி" என்று எங்கோ படித்திருப்பீர்கள். அது அண்மைக்காலக் கட்டுமானம். டாயினில் அவள் செய்வதைப் பாருங்கள். கூஹுலின் ஆற்றில் லோஹோடு சண்டையிடும்போது விலாங்காக வந்து காலைச் சுற்றுகிறாள், ஓநாயாக வந்து மாடுகளை விரட்டுகிறாள், கொம்பில்லாத சிவப்புக் கிடாரியாக வந்து பாய்கிறாள். அவன் விலாவை நொறுக்கி, கண்ணைக் கெடுத்து, காலை ஒடிக்கிறான். பிறகு மூன்று காம்புள்ள பசுவைக் கறந்துகொண்டு ஒரு கிழவி உட்கார்ந்திருக்கிறாள். தாகத்தில் தவிக்கும் அவன் மூன்று வாய் பால் வாங்கிக் குடித்து ஒவ்வொன்றுக்கும் வாழ்த்துச் சொல்கிறான். ஒவ்வொரு வாழ்த்துக்கும் ஒரு காயம் ஆறுகிறது. அப்போதுதான் யார் என்று தெரிகிறது. கலைக்களஞ்சியத்தில் ஒரு வரியாகச் சுருக்கிய "போர்த் தெய்வத்தை" இதோடு வைத்துப் பாருங்கள்.

அதன் பிறகு

இப்போது தெய்வத் தொகுதிக்குப் போகலாம். மொய்துரா போரில் தொடங்குங்கள். மன்னர் கோட்டையான தாராவின் வாசலில் லூ வந்து நிற்கும் காட்சி எல்லோருக்கும் பிடிக்கும். தச்சன் என்கிறான், இருக்கிறான் போ என்கிறான் காவலன். கொல்லன், வீரன், யாழிசைப்பவன், புலவன், மருத்துவன் எல்லாவற்றுக்கும் அதே பதில். எல்லாம் தெரிந்த ஒரே ஆள் உங்களிடம் இருக்கிறானா என்று கேட்கிறான் லூ, கதவு திறக்கிறது. சூரியன் என்ற பேச்சே இல்லை. தக்தாவைப் பார்த்தால் இன்னும் வேடிக்கை: எதிரிகள் 80 காலன் பாலும் அதே அளவு மாவும் கொழுப்பும், ஆடு பன்றி முழுசு முழுசாகவும் போட்டுக் கஞ்சி காய்ச்சி, குழியில் ஊற்றி, மிச்சம் வைத்தால் கொலை என்கிறார்கள். அவர் வழித்துத் தின்கிறார். அகப்பையில் ஒரு ஆணும் பெண்ணும் படுக்கலாம்.

அடுத்து எய்தீனைப் பெண் கேட்ட கதை. ஃபின் தொகுதிக்கு, சுமார் 1200இல் எழுந்த முதியோர் உரையாடலைச் சிறு சிறு பகுதிகளாக எடுத்துச் சுவைக்கலாம். பழைய வீரன் கீல்சே, புனித பேட்ரிக்கை நாடு முழுக்க அழைத்துப்போய் ஒவ்வொரு குன்றுக்கும் கதை சொல்கிறான். அன்னமாக மாறிய லிரின் பிள்ளைகள் 900 ஆண்டு அலைந்த கதை எல்லாருக்கும் தெரிந்தது, ஆனால் இடைக்காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. அஷீனும் நீவும் இளமை நாட்டுக்குப் போன கதை இன்று பரவியிருக்கும் வடிவம் பதினெட்டாம் நூற்றாண்டுக் கவிதை. இவற்றைப் படிக்கக் கூடாது என்பதில்லை. ஆதிக் கதை என்று எண்ணி அடித்தளமாக வைக்க வேண்டாம்.

போலிகளும் தவறான வழிகாட்டிகளும்

1760களில் ஜேம்ஸ் மக்ஃபெர்சன் ஓசியன் என்ற பழங்கவியின் பாடல்களை மொழிபெயர்த்ததாக வெளியிட்டார். நெப்போலியன்வரை ரசித்தார்கள். ஸ்காட்லாந்து வாய்மொழிப் பாடல்களின் சாயல் உண்டு, பெரும்பகுதி அவர் கைவண்ணம். வேல்ஸில் இயோலோ மோர்கன்வுக் பழஞ்சுவடிகளையே புனைந்தார். 1792இல் லண்டன் பிரிம்ரோஸ் குன்றில் அவர் நடத்திய சடங்குதான் இன்றைய "துருயித்" விழாக்கள் பலவற்றின் மூலம். பழைய ஐரிஷ் எழுத்துமுறையான ஒகம் உண்மையானது: 20 எழுத்து, கல்லின் விளிம்பில் கீறல், பெரும்பாலும் ஐந்து ஆறாம் நூற்றாண்டில் ஆட்களின் பெயரைப் பொறிக்கப் பயன்பட்டது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு மரம், மரத்துக்கு ஒரு மாதம் என்ற நாட்காட்டியோ, ராபர்ட் கிரேவ்ஸ் என்ற கவிஞர் 1948இல் கட்டியது. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை சுமார் கி.மு. 3200, கதைகளில் அது தக்தாவின் வீடு, அதற்காக அதைக் கட்டியவர்கள் தக்தாவை அறிந்திருந்தார்கள் என்று ஆகாது.

பழைய மொழிபெயர்ப்புகள் காப்புரிமை தீர்ந்து இலவசமாகக் கிடைக்கும். சீமாட்டி கிரெகரியின் 1902, 1904 தொகுப்புகள் படிக்க இனிமை. ஆனால் பல வடிவங்களைச் சேர்த்துத் தைத்தவை, கொச்சையான இடங்களை விட்டுவிட்டவை. கதை ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மேற்கோளுக்கு வேண்டாம். மேற்கோளுக்குக் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியின் மின்நூல் தொகுப்பு இருக்கிறது. ஐரிஷ் மூலமும், பலவற்றுக்கு ஆங்கிலமும் இலவசம். டப்ளின் உயராய்வு நிறுவனம் சுவடிகளின் படங்களையே இணையத்தில் வைத்திருக்கிறது.

நேரில் போக வாய்த்தால் ராத்குரோகனுக்குப் போங்கள். டல்ஸ்க் ஊரில் பார்வையாளர் மையம் இருக்கிறது. பூனைக் குகை என்று பெயர்கொண்ட ஒவெயினகட், தனியார் வயலில் இருப்பதால் மையத்தின் வழிகாட்டியோடு போவதே முறை. உள்ளே சேறு, பழைய உடுப்பும் தலைவிளக்கும் வேண்டும். குனிந்து நுழையும்போது மேலே கிடக்கும் உத்தரக் கல்லின் விளிம்பைப் பாருங்கள். ஒகம் கீறல்களில், ஃப்ராய்க், மேவின் மகன் என்று இருக்கிறது. நம் மேவ்தானா, அந்தப் பெயருள்ள வேறு ஒருத்தியா என்று கல் சொல்லவில்லை.

வேல்ஸுக்கு

இந்த அளவு வந்தபின் வேல்ஸின் மாபினோகி என்ற நான்கு கிளைக் கதைகளைத் திறவுங்கள்: புவில், பிரான்வென், மனவிடன், மாத். இவை பதினான்காம் நூற்றாண்டு வெள்ளைச் சுவடியிலும், அதை ஒட்டிய செஞ்சுவடியிலும் முழுமையாக இருக்கின்றன. முன்னது அபெரிஸ்ட்வித் தேசிய நூலகத்தில், பின்னது ஆக்ஸ்ஃபோர்டில். நான்கையும் அதே வரிசையில் படிக்க வேண்டும். முதல் கிளையில் பிறக்கும் ப்ரிதெரி நான்காவதில் சாகிறான், மூன்றாவது கிளையின் மந்திரம் முதல் கிளையில் நடந்த ஒரு அவமானத்துக்குப் பழி. சார்லட் கெஸ்ட் 1838 முதல் 1849 வரை வெளியிட்ட மொழிபெயர்ப்பு அழகு, கொஞ்சம் கூச்சம் காட்டும். சியோனட் டேவிஸ் 2007இல் செய்தது பேச்சின் ஓசைக்குப் பக்கம், முதலில் அதுவே போதும்.

உச்சரிப்பில் இங்கே ஐரிஷ் விதிகளை மறந்துவிடுங்கள். டபிள்யூ உயிரெழுத்து, உகரம். ஒற்றை எஃப் வகரம், இரட்டை எஃப்தான் ஃபகரம். இரட்டை எல் தமிழில் எழுதவே முடியாது: லகரத்துக்கு நாக்கை வைத்து, குரல் கொடுக்காமல் காற்றை மட்டும் ஊதுங்கள்.

நான்கு கிளை முடிந்ததும் குல்ஹுக்கும் ஒல்வெனும் கதையை எடுத்தால், ஆர்தரின் அவையில் இருப்பவர்களின் பெயர் வரிசை ஒன்று வழியை மறிக்கும். இருநூறுக்கு மேல் பெயர். முதல் பத்தைப் படித்து, அதில் இருக்கும் விளையாட்டைப் பிடித்துக்கொண்டு, நேராகப் பன்றி வேட்டைக்குப் போய்விடுங்கள்.